துருப்பு எது? பிரிட்ஜில் ஏலம் கேட்கும் முன் எண்ண வேண்டியவை

தொடக்கக் கல்லூரி கேண்டீன், ராணுவ முகாமின் பங்க், புளோக்கின் கீழ்த்தளம் என்று எங்கே நான்கு பேர் சீட்டைப் பிரித்தாலும், ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஐந்தாவதாக ஒருவர் நிற்பார். "ஸ்பேட்ல ஏஸும் கிங்கும் வெச்சிருக்க, ஸ்பேட் கேளுடா!" என்பார். ஆடுபவரும் கேட்பார். பல தடவை நான்கைந்து சுற்றை மட்டும் பிடித்து மண்ணைக் கவ்வுவார். பிறகு சீட்டு சரியில்லை என்று பேச்சு வரும். பெரும்பாலும் சீட்டில் குறை இருக்காது, துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தை, தேர்ந்த விதத்தில்தான் இருக்கும்.

பெரிய சீட்டு எங்கே இருக்கிறதோ அதுவே துருப்பு என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஊறிப்போனதற்கு ஒரு காரணம் சொல்லலாம். வீட்டில் தாத்தாவிடமோ மாமாவிடமோ பலர் முதலில் கற்பது இருபத்தெட்டு. அதில் மொத்தம் 32 சீட்டுதான். கைக்கு நான்கு சீட்டு வந்ததுமே ஏலம் தொடங்கிவிடும். நான்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கும்போது ஜாக்கும் ஒன்பதும் இருக்கும் பக்கம்தான் சாய முடியும். பிரிட்ஜில் 13 சீட்டும் கைக்கு வந்த பிறகே வாய் திறக்கிறோம், ஆகவே கணக்கும் வேறு. (ஜாக்தான் ராஜா என்ற பழக்கத்தையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இங்கே ஏஸ், கிங், குயின், ஜாக், 10 என்று இறங்குவரிசை.)

## ஆட்டத்தின் எலும்புக்கூடு

சிங்கப்பூரில் மாணவர்களும் தேசிய சேவையாளர்களும் "பிரிட்ஜ்" என்று சொன்னால் அது பெரும்பாலும் ஃப்ளோட்டிங் பிரிட்ஜ். போட்டிகளில் ஆடப்படுவது காண்ட்ராக்ட் பிரிட்ஜ். அதில் எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் கடைசிவரை பார்ட்னர். ஃப்ளோட்டிங்கில் பார்ட்னர் யார் என்பது ஏலம் முடிந்த பிறகே தீர்மானமாகும். இங்கே முதலில் ஃப்ளோட்டிங், பின்னால் மற்றது.

52 சீட்டு, நான்கு பேர், ஆளுக்கு 13. ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்ற நான்கு இனங்களில் ஒவ்வொன்றும் ஒரு சூட். ஒருவர் ஒரு சீட்டை இறக்க, மற்ற மூவரும் அதே சூட்டில் ஒன்றைப் போட வேண்டும், அந்த நான்கில் பெரியது வெல்லும். இப்படி நான்கு சீட்டு விழும் ஒரு சுற்றுக்கு இங்கே புழங்கும் பெயர் செட். மொத்தம் 13 செட்.

ஒரு சூட்டுக்கு மட்டும் தனி அதிகாரம் உண்டு. அதுதான் துருப்பு. இறக்கப்பட்ட சூட்டில் உங்களிடம் ஒரு சீட்டுமே இல்லையென்றால் துருப்பைப் போட்டு அந்தச் செட்டைப் பிடிக்கலாம். இதற்குப் பெயர் வெட்டு.

எது துருப்பு என்பதை முடிவு செய்வது ஏலம். ஒவ்வொருவரும் ஓர் எண்ணையும் ஒரு சூட்டையும் சேர்த்துக் கேட்பார்கள். எண்ணோடு 6-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். "2 ஹார்ட்" என்றால் ஹார்ட் துருப்பாக, நானும் என் பார்ட்னரும் சேர்ந்து 8 செட் எடுப்போம் என்ற வாக்கு. ஒரே எண்ணில் கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், நோ ட்ரம்ப் என்று வரிசை ஏறும். நோ ட்ரம்ப் என்றால் துருப்பே இல்லாத ஆட்டம். மற்ற மூவரும் பாஸ் சொன்னதும் கடைசியாகக் கேட்டவருக்கு ஏலம் முடிகிறது. அவர் தன் கையில் இல்லாத ஏதாவது ஒரு சீட்டின் பெயரைச் சொல்வார். அந்தச் சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவரே பார்ட்னர், ஆனால் அவர் வாய் திறக்கக் கூடாது. அந்தச் சீட்டு மேசையில் விழும்வரை மற்றவர்களுக்கு அது ரகசியம்தான்.

ஊர்ப்பக்கம் ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இந்த ஏலத்தின் குணம் உடனே பிடிபடும். அங்கே தள்ளுபடியை ஏற்றிக்கொண்டே போனால் சீட்டு நம் கைக்கு வரும், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம் குறையும். இங்கேயும் எண்ணை ஏற்றினால் துருப்பைத் தேரும் உரிமை கிடைக்கும், தவறுவதற்கான இடம் சுருங்கும்.

## டிஷ்யூ பொட்டலம்

மதிய வேளையில் ஹாக்கர் சென்டருக்குப் போனால் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடக்கும். யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்று பொருள். பெரிய நிறுவனத்தின் மேலாளரே தட்டோடு வந்து நின்றாலும் அதைப் பார்த்ததும் வேறு மேசை தேடிப் போய்விடுவார். பொட்டலத்தின் விலை சில காசுதான். ஆனால் அந்த இடத்தில், அந்த வேளையில் அதற்குத்தான் உரிமை.

துருப்பின் 2 இப்படிப்பட்ட பொட்டலம். வேறு சூட்டின் ஏஸையே அது விரட்டிவிடும். உங்களிடம் பெரிய பொட்டலம் எத்தனை என்பதைவிட, மொத்தம் எத்தனை பொட்டலம் என்பதே முக்கியம். மற்றவர்களின் பொட்டலங்கள் தீர்ந்த பிறகும் உங்களிடம் இரண்டு மீந்திருந்தால், அந்த இரண்டுக்கும் எதிர்ப்பே கிடையாது.

ஏஸின் கதை வேறு. துருப்பாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரு செட் எடுத்துவிடக்கூடிய சீட்டு. கிங்கும் பெரும்பாலும் அப்படியே. 6, 4, 2 போன்ற பொடிச் சீட்டுகள்தான் துருப்பாக ஆனாலொழியத் தலைதூக்க முடியாதவை. ஆகவே துருப்பு என்ற பதவியை எந்தச் சூட்டுக்குக் கொடுத்தால் உங்கள் பொடிச் சீட்டுகளில் அதிகமானவை பிழைக்கும் என்று பார்க்க வேண்டும். ஏஸுக்கும் கிங்குக்கும் அந்தப் பதவியைக் கொடுப்பது வசதியானவர் வீட்டுக்கே நிவாரணப் பை அனுப்புவது மாதிரி.

சுருக்கமாக: பெரிய சீட்டு எந்தச் சூட்டிலும் செட் எடுக்கும், சின்னச் சீட்டு துருப்பானால்தான் எடுக்கும். அதனால் துருப்பைத் தேரும்போது முதலில் நீளம், பிறகுதான் பலம்.

## ஒரு கையை விரித்துப் பார்ப்போம்

ஸ்பேட்: ஏஸ், கிங், 5
ஹார்ட்: ஜாக், 9, 8, 6, 4, 2
டைமண்ட்: ஏஸ், 7
கிளப்: 10, 3

பின்னால் நிற்கும் ஐந்தாமவர் ஸ்பேட் என்பார். அவர் சொன்னபடியே ஸ்பேடைத் துருப்பாக்கி, ஸ்பேட் குயினைப் பார்ட்னராக அழைத்ததாக வைத்துக்கொள்வோம். ஸ்பேட் ஏஸ், கிங், குயின் என்று மூன்று செட். டைமண்ட் ஏஸ் ஒன்று. மொத்தம் நான்கு. ஆறு ஹார்ட் இருக்கிறதே என்றால், வெளியே இருக்கும் ஹார்ட் ஏஸ், கிங், குயின் மூன்றும் போன பிறகே அவற்றுக்கு உயிர் வரும். அதற்குள் உங்கள் மூன்று ஸ்பேடும் கரைந்திருக்கும். மற்ற மூவரிடமும் சேர்த்து 10 ஸ்பேட் இருந்தது அல்லவா? நீங்கள் ஹார்ட் இறக்க இறக்க அவர்கள் வெட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இப்போது ஹார்டைத் துருப்பாக்கி ஹார்ட் ஏஸை அழையுங்கள். வெளியே 7 ஹார்ட், மூன்று கைகளில். பார்ட்னரிடம் ஏஸோடு 5-ம் இருக்கிறது என்று கொண்டால் உங்கள் பக்கம் எட்டு, எதிராளிகளிடம் ஐந்து. அந்த ஐந்தும் 3-2 என்று பிரிந்திருந்தால், முதல் சுற்றை ஏஸ் எடுக்கும், அடுத்த இரண்டு சுற்றில் கிங்கும் குயினும் அவர்களுக்குப் போகும். மூன்று சுற்று முடிந்ததும் எதிராளியிடம் ஹார்டே கிடையாது. உங்களிடம் இன்னும் மூன்று மீதி. அவை 6, 4, 2 ஆகவே இருந்தாலும் மூன்றும் செட். ஆக ஹார்டில் நான்கு, ஸ்பேடில் இரண்டு, டைமண்டில் ஒன்று, மொத்தம் ஏழு.

கை அதேதான், அழைத்தது ஒரே ஒரு சீட்டுதான். ஸ்பேடில் நான்கு, ஹார்டில் ஏழு. ஸ்பேட் ஏஸும் கிங்கும் இரண்டு கணக்கிலும் தங்கள் இரண்டு செட்டை எடுத்துவிட்டன என்பதைக் கவனியுங்கள். மாறியது பொடி ஹார்ட்களின் தலையெழுத்துதான்.

3-2 என்று பிரியாவிட்டால்? இரண்டு கைகளுக்குள் ஐந்து சீட்டு பிரியும்போது 3-2 வருவது 100-க்குச் சுமார் 68 தடவை, 4-1 வருவது 28, ஐந்தும் ஒரே பக்கம் போவது 4. ஒருவரிடம் கிங், குயின், 10, 3 என்று நான்கு சேர்ந்துவிட்டால் ஏஸுக்குப் பிறகு மூன்று சுற்று அவருக்குப் போகும், உங்கள் ஏழு ஆறாகும். மூன்றில் ஒரு தடவை இப்படிச் சறுக்கும் என்று தெரிந்தே ஏலம் கேட்க வேண்டும்.

எட்டு என்ற எண்ணை நினைவில் வையுங்கள். உங்களிடமும் பார்ட்னரிடமும் சேர்த்து எட்டு துருப்பு இருந்தால் ஆட்டம் பெரும்பாலும் கைக்குள் நிற்கும். ஃப்ளோட்டிங்கில் பார்ட்னர் கையைப் பார்க்க முடியாது, ஆனால் ஊகிக்கலாம். உங்களிடம் ஐந்து இருந்தால் வெளியே எட்டு. மூவருக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டோ மூன்றோ வரும், சேர்த்து ஏழு எட்டைத் தொடும். நான்குதான் என்றால் சராசரியாக ஏழோடு நின்றுவிடும், எதிராளிகளிடம் ஆறு இருக்கும். அதனால்தான் ஐந்துக்குக் குறைந்த சூட்டை இங்கே துருப்பாகக் கேட்பது பெரும்பாலும் வினை. இரண்டு சூட்டும் ஐந்து ஐந்து என்று சமமாக நிற்கும்போது மட்டும் எதில் படச் சீட்டு அதிகம் என்று பாருங்கள்.

## புள்ளி வேறு, செட் வேறு

கையின் பலத்தைப் புள்ளியாக எண்ணுவார்கள்: ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1. ஒரு சூட்டுக்கு 10, மொத்தம் 40, ஆளுக்குச் சராசரி 10. ஃப்ளோட்டிங்கில் ஒரு சூட்டில் நான்குக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் 1 புள்ளி கூட்டிக்கொள்வதும் வழக்கம். கை மிகவும் மட்டமாக வந்தால் சீட்டைத் திருப்பிப் போடச் சொல்லலாம், இதற்குப் பெயர் வாஷ். எத்தனை புள்ளிக்குக் கீழே வாஷ் என்பது குழுவுக்குக் குழு மாறும். 4 புள்ளியும் அதற்குக் கீழும் என்று வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஆட்டம் தொடங்குமுன் கேட்டு வைத்துக்கொண்டால் பிறகு வாக்குவாதம் வராது.

புள்ளி ஒரு முதல் பார்வைதான். மேலே பார்த்த கைக்குப் படச் சீட்டில் 12, ஆறு ஹார்டுக்காக 2, ஆக 14. இதையும் பாருங்கள்:

ஸ்பேட்: ஏஸ், ஜாக், 4
ஹார்ட்: கிங், குயின், 6
டைமண்ட்: ஏஸ், 9, 7, 3
கிளப்: குயின், 8, 5

16 புள்ளி. பார்க்க மினுமினுவென்று இருக்கிறது. ஆனால் நீளம் எங்குமே இல்லை, நோ ட்ரம்ப்தான் கேட்க முடியும். ஹார்ட் ஏஸை அழைத்தால் ஹார்டில் மூன்று, ஸ்பேட் ஏஸ், டைமண்ட் ஏஸ், ஆக ஐந்து. கிளப் குயினையும் ஸ்பேட் ஜாக்கையும் நம்பி ஆறு என்று இழுக்கலாம். 1 நோ ட்ரம்புக்கே ஏழு வேண்டும். 14 புள்ளிக் கை ஏழில் தொடங்குகிறது, 16 புள்ளிக் கை ஐந்தில் தொடங்குகிறது.

பார்ட்னரின் பங்கை எப்படிச் சேர்ப்பது? 40 புள்ளிக்கு 13 செட் என்பதால், சுமார் மூன்று புள்ளிக்கு ஒரு செட் என்று கொள்ளலாம். முதல் கையில் உங்களிடம் 12, அழைத்த ஏஸுக்கு 4, மீதி 24. மூவருக்கும் பிரித்தால் பார்ட்னரிடம் இன்னும் 8 புள்ளி இருக்க வாய்ப்பு, அதாவது இரண்டு செட். ஏழோடு இரண்டு ஒன்பது. ஆகவே 2 ஹார்ட் தெம்பாகக் கேட்கலாம், 3 ஹார்ட் எல்லைக்கோடு. இரண்டாம் கையில் மீதி 20 தான், பார்ட்னருக்கு ஏறக்குறைய 7. ஐந்தோடு இரண்டு ஏழு. 1 நோ ட்ரம்போடு நிறுத்திக்கொள்ள வேண்டிய கை அது.

இதுவரை பார்த்ததன் சாரம்: புள்ளியை எண்ணுவது ஏலத்தில் வாய் திறக்கலாமா என்று பார்க்க. எத்தனை வரை போகலாம் என்பதற்குச் செட்டை எண்ணுங்கள்.

## வெட்டினால் செட் கூடும் என்ற மயக்கம்

ஓரளவு ஆடப் பழகியவர்களையே இது ஏமாற்றும். "எனக்கு கிளப் ஒன்றுகூட இல்லை, ஆறு துருப்பு இருக்கிறது. கிளப் வரும்போதெல்லாம் வெட்டுவேன், அது வேறு மூன்று செட்" என்று கூட்டுவார்கள். அந்த மூன்று செட் எங்கிருந்து வந்தது? அதே ஆறு துருப்பிலிருந்துதான். துருப்பு ஆறும் ஆறு செட் எடுக்கும் என்று ஏற்கெனவே எண்ணியிருந்தால், வெட்டை மறுபடி எண்ணுவது ஒரே வெள்ளியை இரண்டு கடைகளில் செலவழிப்பது.

வெட்டு உண்மையிலேயே செட்டைக் கூட்டுவது, துருப்பு குறைவாக இருக்கும் கை வெட்டும்போது. முதல் கையில் பார்ட்னரிடம் ஹார்ட் ஏஸும் 5-ம் இருந்ததல்லவா? நீங்கள் ஹார்ட் இறக்கினால் அந்த 5 சும்மா உங்கள் சீட்டோடு சேர்ந்து விழுந்துவிடும். அதற்கு முன்பே பார்ட்னரிடம் டைமண்ட் தீர்ந்துபோய், நீங்கள் இறக்கிய டைமண்ட் 7-ஐ அவர் அந்த 5-ஆல் வெட்டினால், வீணாகப் போகவேண்டிய சீட்டு ஒரு செட் கொண்டுவருகிறது. ஏழு எட்டாகும்.

உங்கள் நீளமான கையில் ஒரு சூட் இல்லாமல் இருப்பதன் பயன் வேறு. அந்தச் சூட்டில் எதிராளியின் ஏஸும் கிங்கும் உங்களிடம் செல்லாது. அதை "தோற்காத செட்" என்று எண்ணுங்கள், "கூடுதல் செட்" என்று எண்ணாதீர்கள்.

இன்னொரு பயனும் உண்டு. பல மேசைகளில், யாராவது ஒரு தடவை துருப்பால் வெட்டும்வரை துருப்பை முதல் சீட்டாக இறக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அதைத் துருப்பை உடைப்பது என்பார்கள். அப்படியிருக்க, எதிராளியின் துருப்பைச் சீக்கிரம் உருவி எடுக்க நினைத்தாலும் உடைக்க வழி வேண்டும். கையில் ஒரே சீட்டு உள்ள சூட் இருந்தால் அது இரண்டாம் சுற்றிலேயே உடைத்துக் கொடுக்கும். நான்கு சூட்டும் 5, 3, 3, 2 சீட்டு என்று அமைந்த 5-3-3-2 கையில் அந்த வசதி கிடையாது, நீங்கள் உடைப்பதற்குள் எதிராளிகள் உங்கள் ஏஸ்களில் ஒன்றை வெட்டிவிடலாம். ஐந்து துருப்போடு 5-4-3-1 ஆக வரும் கைக்கு அரை செட் கூட்டிக்கொள்வதும், 5-3-3-2 கைக்கு அரை செட் குறைத்துக்கொள்வதும் தப்பில்லை.

## எந்தச் சீட்டை அழைப்பது

வழக்கமாகச் சொல்லித்தரப்படும் விதி: துருப்பு ஏஸ் இல்லையென்றால் அதை அழை, இருந்தால் துருப்பு கிங்கை அழை. துருப்பு நோஞ்சானாக இருக்கும்போது இது சரி. முதல் கையில் ஹார்ட் ஏஸை அழைத்தது அதற்காகத்தான். பார்ட்னரிடம் குறைந்தது ஒரு துருப்பாவது உண்டு என்ற உறுதியும் அதில் கிடைக்கிறது.

துருப்பு திடமாக இருந்தால் இந்த விதியை மறந்துவிடுங்கள்.

ஸ்பேட்: ஏஸ், கிங், குயின், ஜாக், 8, 4
ஹார்ட்: 6
டைமண்ட்: கிங், குயின், 5
கிளப்: 9, 7, 2

ஸ்பேடில் ஆறு செட்டும் ஏறக்குறைய உங்களுடையவை, அங்கே உதவி தேவையில்லை. கிளப் மூன்றும் ஓட்டை, எனவே கிளப் ஏஸை அழைத்து அடைக்கலாம் என்று தோன்றும். கணக்கிடுவோம். கிளப் ஏஸ் ஒரு செட். டைமண்டில் கிங்கைப் போட்டு எதிராளியின் ஏஸை வெளியே இழுத்தால் குயின் ஒரு செட். ஆறோடு இரண்டு, எட்டு. டைமண்ட் ஏஸை அழைத்தாலோ ஏஸ், கிங், குயின் மூன்றும் செட். ஆறோடு மூன்று, ஒன்பது. கிளப் ஏஸ் தன்னை மட்டும் கொண்டுவருகிறது. டைமண்ட் ஏஸ் தன்னோடு, உங்களிடம் காத்திருக்கும் ஒன்றையும் சேர்த்து எழுப்புகிறது. ஓட்டையை அடைப்பதைவிடப் பாதி கட்டிய சுவரை முடிப்பது லாபம்.

ரகசியமும் ஒரு சரக்கு. துருப்பு ஏஸை அழைத்தால் துருப்பு இறங்கிய முதல் சுற்றிலேயே பார்ட்னர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். துருப்பல்லாத பக்கச் சூட்டின் ஏஸ் என்றால் சில சுற்று மறைந்திருக்கலாம். அதுவரை எதிராளிகள் இருவரும் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் தடுமாறுவார்கள், ஒருவர் எடுக்கவிருந்த செட்டை மற்றவர் தெரியாமல் மேலே போட்டு வீணாக்குவார்.

## மற்றவர் வாயைக் கவனியுங்கள்

ஏலம் நடக்கும்போது பலர் தங்கள் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது மேசையைச் சுற்றித் தகவல் இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

யாராவது உங்கள் நீளச் சூட்டையே கேட்டால், அந்த 3-2 கணக்கெல்லாம் செல்லாது. ஐந்து துருப்பு அவரிடம் குவிந்திருக்கலாம், ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் டைமண்டை இரண்டு தடவை கேட்டுவிட்டு அடங்கினார், உங்களிடம் டைமண்ட் ஏஸ் இல்லை என்றால், அது அவரிடம் இருக்க நல்ல வாய்ப்பு. அதை அழைத்தால் மேசையில் பலமான கையைப் பார்ட்னராக இழுத்துக்கொள்ளலாம். ஃப்ளோட்டிங்கில் மட்டுமே கிடைக்கும் அழகான தந்திரம் இது. மேலே பார்த்த ஆறு ஸ்பேட் கையில், கிளப்பை ஒருவர் விடாமல் கேட்டிருந்தால், கிளப் ஏஸை அழைப்பதுகூடச் சரியாகிவிடும்.

உட்காரும் இடமும் சீட்டின் மதிப்பை மாற்றும். ஆட்டம் இடப்புறமாகச் சுற்றுகிறது, உங்கள் வலப்பக்கத்தவர் உங்களுக்கு முன்னால் போடுவார். அவர் ஸ்பேட் கேட்டிருந்து உங்களிடம் ஸ்பேட் கிங்கும் 7-ம் இருந்தால் நிம்மதி. அவர் ஏஸைப் போட்டால் 7-ஐக் கொடுங்கள், போடாவிட்டால் கிங்கால் பிடியுங்கள். ஸ்பேட் கேட்டவர் இடப்பக்கம் என்றால் உங்கள் கிங்குக்குப் பின்னால் ஏஸ் பதுங்கியிருக்கிறது, அந்த கிங்கைக் கால் செட்டுக்கு மேல் மதிக்காதீர்கள்.

சூட் வரிசையும் விலை வைக்கும். உங்கள் நீளம் கிளப்பில், எதிராளி 2 ஸ்பேட் கேட்டார் என்றால் நீங்கள் 3 கிளப் சொல்லியாக வேண்டும். அவர் எட்டு செட்டுக்கு ஆடியிருப்பார், நீங்கள் ஒன்பது எடுக்க வேண்டும்.

## பார்ட்னர் நிலையாக இருந்தால்

காண்ட்ராக்ட் பிரிட்ஜிலும் அடிப்படை இதேதான், எட்டு துருப்பைத் தேடுவது. வித்தியாசம், அங்கே தேடலை இருவரும் ஏலத்தின் வழியே பேசிப் பேசிச் செய்கிறார்கள். 1 ஹார்ட் என்றால் பொதுவாக ஐந்து ஹார்ட் இருக்கிறது என்று பொருள், பார்ட்னரிடம் மூன்று இருந்தால் எட்டு சேர்ந்துவிட்டது, அவர் அதையே ஏற்றுவார். இருவரிடமும் நான்கு நான்கு என்று அமைந்த எட்டு இன்னும் சுவையானது. ஒரு கை ஒரு தடவை வெட்டினாலும் மற்றக் கையில் நான்கு முழுசாக நிற்கும், நான்கு துருப்பு ஐந்து செட்டாகும். 5-3 இல் ஐந்து துருப்புக் கை வெட்டினால் எதுவும் கூடாது. மூன்று துருப்புக் கை வெட்டினால்தான் உண்டு.

துருப்பைத் தேர்வதில் அங்கே இன்னொரு சக்தியும் இழுக்கிறது, மதிப்பெண். ஹரால்ட் வாண்டர்பில்ட் 1925-ல் வகுத்த முறையின் வழிவந்தது இன்றைய மதிப்பெண் முறை. ஆறுக்கு மேல் ஒவ்வொரு செட்டுக்கும் கிளப்பிலும் டைமண்டிலும் 20, ஹார்டிலும் ஸ்பேடிலும் 30. நோ ட்ரம்பில் முதலாவதுக்கு 40, பிறகு 30. கேட்ட ஏலத்தின் மதிப்பு 100-ஐத் தொட்டால் பெரிய போனஸ். அதற்கு கிளப்பில் 11 செட் வேண்டும், ஸ்பேடில் 10 போதும், நோ ட்ரம்பில் 9-ஏ போதும். அதனால் எட்டு கிளப் சேர்ந்திருந்தும் நோ ட்ரம்புக்குத் தாவுவது அங்கே சகஜம். ஃப்ளோட்டிங்கில் இந்தக் கவலை இல்லை, கிளப் நீளமென்றால் கிளப்பே கேட்கலாம். சிங்கப்பூரின் ஆண்கள் குழு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜில் தங்கம் வென்றது இந்தக் காண்ட்ராக்ட் ஆட்டத்தில்தான்.

## பாஸ் சொல்வதும் ஒரு கணக்கு

ஏலத்தை எதிராளி எடுத்துக்கொண்டால் தோற்றுவிட்டதாகப் பலருக்கு முகம் சுருங்கும். அவர் கேட்ட எண்ணை 8-லிருந்து கழியுங்கள், அவரைக் கவிழ்க்க அத்தனை செட் போதும். 4 ஸ்பேடுக்கு நான்கு, 5 கிளப்புக்கு மூன்று. அழகாக இருக்கிறதே என்று 1 நோ ட்ரம்ப் கேட்கத் துடித்த அந்த 16 புள்ளிக் கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். மற்றவர் 4 ஸ்பேட் கேட்கிறார் என்றால், உங்களிடம் இரண்டு ஏஸ், ஹார்ட் கிங்கும் குயினும் சேர்ந்து ஒன்று, ஏற்கெனவே மூன்று செட் போல. நான்காவதற்கு உங்கள் கிளப் குயினோ உங்களோடு சேர்ந்து அவரை எதிர்க்கும் இன்னொருவரோ போதும். நீளமில்லாமல் நாற்புறமும் சிதறிக் கிடக்கும் படச் சீட்டுகள் தற்காப்புக்குத்தான் பிறந்தவை. ஒருவேளை அவர் அழைத்தது ஹார்ட் ஏஸாக இருந்தால் ஹார்ட் கிங்கை அவசரப்பட்டு இறக்காமல், அந்த ஏஸ் விழும்வரை கையிலேயே வைத்திருங்கள்.